சிமென்ட் சாந்தும் கொத்தனார் கையும்: குரோமியத்தைத் தோல் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது?

கொத்தனார் மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 54 வயது. முப்பது ஆண்டுகளாகக் கொத்தனார் வேலை பார்க்கிறார். பூச்சு வேலையில் கைதேர்ந்தவர் என்பதால், மேஸ்திரிகள் அவரைத் தேடி வந்து அழைத்துச் செல்வார்கள். கடந்த மூன்று ஆண்டுகளாக அவருடைய கைகள் மிகவும் மோசமாகிவிட்டன. விரல் இடுக்குகளிலும் புறங்கையிலும் மணிக்கட்டைச் சுற்றியும் முதலில் அரிப்பு எடுக்கும். பிறகு சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் வந்து உடைந்து, தோல் தடித்து, பாளம் பாளமாக வெடித்துவிடும். வலது கையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, கரணைப் பிடி அழுந்தும் இடத்தில் இருக்கும் வெடிப்பு ஆறுவதே இல்லை. சோறு பிசையும்போது புளியும் உப்பும் அதில் பட்டு எரிவதால், ஆறு மாதமாகக் கரண்டியால்தான் சாப்பிடுகிறார்.

அவரிடம் கேட்டால் "சிமென்ட் சூடு, எல்லாக் கொத்தனாருக்கும் உள்ளதுதான்" என்று முடித்துவிடுகிறார். எனக்குப் புரியாத விஷயங்கள் மூன்று. இருபத்தேழு ஆண்டுகள் அதே சாந்தை அதே கையால் அள்ளியபோது வராதது இப்போது ஏன் வர வேண்டும்? திங்கட்கிழமை பூச்சு வேலை செய்தால் அன்று ஒன்றும் ஆவதில்லை, புதன்கிழமைதான் கை பொங்குகிறது, அது ஏன்? சென்ற ஆண்டு ஒப்பந்ததாரர் நல்ல தோல் பாதுகாப்புக் காலணி வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்ட பிறகு கால் பாதத்தின் மேற்புறத்திலும் இதே அரிப்பு வந்துவிட்டது. காலில் சாந்து படாமல் இருக்கத்தானே காலணி?

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினால் நான்கு நாட்களில் அடங்கி, நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாக வருகிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மருதம்:

இதை எங்கள் பக்கத்தில் கரப்பான் என்போம். கத்திரிக்காய், கருவாடு, நிலக்கடலை மூன்றையும் நிறுத்தி, இரவில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். என் தாத்தாவுக்குப் பத்தியத்தில்தான் குறைந்தது.

தோல் மருத்துவர்:

அம்மா, உங்கள் மூன்று கேள்விகளும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பது சிமென்ட்டில் உள்ள குரோமியத்துக்கு ஏற்படும் தொடர்பு ஒவ்வாமையைப் பெரிதும் ஒத்திருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஈர சிமென்ட் தோலை இரண்டு வழிகளில் கெடுக்கிறது. முதலாவது காரம். தண்ணீர் கலந்த சிமென்ட்டின், அமிலமா காரமா என்பதைக் காட்டும் பி.எச். அளவு 12க்கு மேல் இருக்கும்; அது கடும் காரம். நம் தோலின் மேற்பரப்போ இலேசான அமிலத்தன்மை உடையது. எனவே சாந்து பட்ட தோலில் கொழுப்புப் படலம் கரைகிறது, தோல் வறண்டு வெடிக்கிறது. இதற்கு நோய் எதிர்ப்பு மண்டலத்தின் நினைவாற்றல் தேவையில்லை. போதிய நேரம் பட்டால் யாருக்கும் வரும், பட்ட அன்றே எரியும், வேலையை நிறுத்தினால் ஆறும். உங்கள் அப்பா "சூடு" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இரண்டாவது முற்றிலும் வேறு. சிமென்ட்டில் மிகச் சிறிய அளவில், பத்து லட்சத்தில் சில பங்கு முதல் இருபது பங்கு வரையோ அதற்குச் சற்று மேலோ, நீரில் கரையும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் இருக்கிறது. இங்கே அதை ஆறாம் நிலைக் குரோமியம் என்று குறிப்பிடுகிறேன். இது தோலை எளிதாக ஊடுருவும். உள்ளே சென்றதும் உடலின் வேதிப்பொருள்கள் அதை மூன்றாம் நிலைக் குரோமியமாக மாற்றிவிடும். அந்த மூன்றாம் நிலைக் குரோமியம் அங்குள்ள புரதங்களைப் பற்றிக்கொள்ளும். குரோமியம் தனியாக இருக்கும்போது, எதிர்ப்பு மண்டலம் கவனிக்க முடியாத அளவுக்குச் சிறியது. புரதத்தோடு ஒட்டிய பிறகே அது அந்நியப் பொருளாகத் தெரிகிறது. இப்படிப் புரதத்தைச் சார்ந்து ஒவ்வாமை தரும் சிறு மூலக்கூறுகளை ஹேப்டன் என்பார்கள். இரத்த வகைகளைக் கண்டறிந்ததற்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் லாண்ட்ஸ்டைனர்தான் ஹேப்டன்களைப் பற்றிய அடிப்படை ஆய்வுகளையும் செய்தவர்.

மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்களும் அதற்குக் கீழே டென்ட்ரிடிக் செல்களும் காவலுக்கு இருக்கின்றன. குரோமியம் ஒட்டிய புரதத் துணுக்கை எடுத்துக்கொண்டு இவை அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுக்குப் போய், அங்கிருக்கும் டி செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளையணுக்களுக்குக் காட்டுகின்றன. காட்டிய உடனே ஒவ்வாமை பிறந்துவிடாது. "இது ஆபத்தானது" என்ற சமிக்ஞையும் சேர்ந்து போக வேண்டும். காரத்தால் புண்ணான தோல் அந்தச் சமிக்ஞையை ஓயாமல் எழுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆகவே வெடித்த கையில் குரோமியம் படுவதும் நல்ல கையில் படுவதும் ஒன்றல்ல. இரண்டாவது கேடு நுழையும் வாசலை முதல் கேடு திறந்து வைக்கிறது. இருபத்தேழு ஆண்டுகள் வராதது ஏன் என்ற கேள்விக்கு என்னால் தரக்கூடிய விடை இதுதான்: சிலருக்குச் சில மாதங்களில் வருவது, சிலருக்குப் பல்லாண்டுத் தொடர்புக்குப் பிறகு, தோலின் காப்பு தளர்ந்த ஒரு காலத்தில் வருகிறது.

ஒருமுறை குரோமியத்தை அடையாளம் கண்டுகொண்ட டி செல்களில் ஒரு பகுதி, நினைவுச் செல்களாகத் தோலிலும் இரத்தத்திலும் தங்கிவிடும். மறுபடி குரோமியம் பட்டால் அவை கூடிப் பெருகி அழற்சியை உண்டாக்க 24 முதல் 72 மணி நேரம் ஆகும். உங்கள் அப்பாவின் புதன்கிழமைக்கு இதுவே காரணம். தேனீக் கொட்டு ஒவ்வாமையிலும் சில உணவு ஒவ்வாமைகளிலும் சில நிமிடங்களில் வீங்குவது ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களின் வேலை. இங்கே வேலை செய்பவை செல்கள். 1942இல் லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும், ஒவ்வாமை உள்ள கினிப் பன்றியின் செல்களை வேறொரு கினிப் பன்றிக்குச் செலுத்தியபோது ஒவ்வாமையும் கூடவே போனதையும், இரத்தத்தின் தெளிந்த பகுதியான சீரத்தை மட்டும் செலுத்தினால் அப்படிப் போகாததையும் காட்டினார்கள்.

மருதம் ஐயா சொன்ன தேங்காய் எண்ணெய் நல்லதுதான், வறட்சியைக் குறைக்கும். ஆனால் இது சாப்பாட்டால் வரும் நோய் அன்று என்பதால், பத்தியம் இருந்துகொண்டே சாந்து அள்ளினால் பயன் இருக்காது. கடையில் வாங்கிய களிம்பின் பெயரை எழுதுங்கள். அதில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருந்தால் உடனே காட்டுங்கள். ஸ்டீராய்டு தேவைப்படும் நோய்தான் இது; எவ்வளவு வீரியத்தில், எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்று பார்த்துத் தர வேண்டிய மருந்து அது.

ஆம்பூர்க்காரன்:

காலணிக்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகத் தோல் பதனிடும் தொழிலில் இருக்கிறது. இன்று சந்தையில் கிடைக்கும் தோலில் பெரும்பகுதி குரோமியம் கொண்டு பதனிடப்படுகிறது. சுண்ணாம்பு போட்டு மயிர் நீக்கிய தோலை, குரோமியம் சல்பேட் கரைசலோடு டிரம்மில் சுழற்றுவோம்; தோல் நீலம் பாய்ந்து வெளியே வரும். அதைத்தான் வெட் புளூ என்கிறோம். அந்தக் குரோமியம் மூன்றாம் நிலையில் உள்ளது, ஆறாம் நிலையைப்போல அவ்வளவு எளிதாக நம் உடம்புத் தோலுக்குள் போகாது. ஆனால் பதனிடும் முறை சரியில்லாவிட்டாலும், வெப்பத்திலும் வெளிச்சத்திலும் தோல் கிடந்தாலும், அதில் கொஞ்சம் ஆறாம் நிலைக்கு மாறிவிடுகிறது. காலுறை இல்லாமல் வியர்த்த காலில் நாள் முழுவதும் அந்தக் காலணியைப் போட்டிருந்தால், வியர்வை அதைக் கரைத்துக் காலுக்குக் கொடுத்துவிடும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த அளவே போதும். உடம்பில் படும் தோல் பொருள்களில் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் தேதியிலிருந்து கட்டுப்படுத்தியதும், ஏற்றுமதிக்காக வேலை செய்யும் எங்கள் பக்கத்துத் தொழிற்கூடங்கள் பலவும் ரசாயனங்களை மாற்ற வேண்டியிருந்தது.

எனவே உங்கள் அப்பாவுக்குத் தோல் காலணியும் ஆகாது, தோல் கையுறையும் ஆகாது. பாதுகாப்பு என்று நினைத்து ஒப்பந்ததாரர்கள் வாங்கித் தருவது பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு பல ஆண்டுகளாக அங்கேயே குவிந்து கிடந்து, மழைக்காலத்தில் மஞ்சள் நிறத் தண்ணீராகக் கசிந்தது. அந்த மஞ்சள்தான் ஆறாம் நிலைக் குரோமியத்தின் நிறம். சிமென்ட் மூட்டையில் அதே பொருள் நிறம் தெரியாமல் இருக்கிறது.

சைட் பொறியாளர்:

இந்த இழையைப் படித்த பிறகு, என் தளத்தில் உள்ள சித்தாள்களின் கைகளை இன்று முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஒரு பெண்ணின் நகக்கண்களைச் சுற்றி முழுவதும் வெடிப்பாக இருந்தது.

குரோமியம் சிமென்ட்டுக்குள் எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல்லிலும் களிமண்ணிலும் இயற்கையாகவே சிறிது குரோமியம் உண்டு. சூளையின் உட்சுவரில் பதித்த செங்கற்களிலிருந்தும், அரைக்கும் எஃகு உருண்டைகளிலிருந்தும் கொஞ்சம் சேரும். சூளையில் ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காரமும் ஆக்சிஜனும் உள்ள சூழலில், அதில் ஒரு பகுதி ஆறாம் நிலைக்கு ஏறிவிடுகிறது. வேண்டுமென்று யாரும் சேர்ப்பதில்லை.

கொத்தனார்களின் கைப்புண்ணுக்கு சிமென்ட்டில் உள்ள குரோமியம் காரணம் என்பதை 1950இல் சுவிட்சர்லாந்தில் யேகர், பெல்லோனி என்ற இருவர் காட்டினார்கள். இதற்கான தீர்வும் வெகுநாளாக நடைமுறையில் இருக்கிறது. ஆலையில் சிமென்ட்டை அரைக்கும்போது, அரை சதவீதத்துக்கும் குறைவான பெரஸ் சல்பேட்டைச் சேர்த்துவிட்டால் போதும்; தண்ணீர் பட்டதும் அந்த இரும்பு ஆறாம் நிலைக் குரோமியத்தை மூன்றாம் நிலைக்கு இறக்கிவிடும். சாந்தின் கடும் காரத்தில் மூன்றாம் நிலை கரையாது, கரையாதது தோலுக்குள் போகாது. டென்மார்க் 1981இல் இதைத் தொடங்கி 1983இல் சட்டமாக்கியது. 1987இல் பின்லாந்தும் 1989இல் சுவீடனும் அதையே செய்தன. 2005 ஜனவரி 17 முதல், பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் ஆறாம் நிலைக் குரோமியம் கரையும் சிமென்ட்டைக் கையால் கையாளும் வேலைக்கு விற்கவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் விதி வந்துவிட்டது. டென்மார்க்கில் கட்டுமானத் தொழிலாளர்களிடையே குரோமியம் ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. சாந்து கலக்கும் விதத்தையோ தொழிலாளியின் பழக்கத்தையோ மாற்றியதால் மட்டும் இவ்வளவு பெரிய மாற்றம் வந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

என் தளத்துக்கு வரும் மூட்டைகளில் எந்த ஆண்டு, எந்த வாரம் தயாரானது என்பது அச்சிடப்பட்டிருக்கும். குரோமியம் குறைக்கப்பட்டதா என்று ஒரு மூட்டையிலும் நான் பார்த்ததில்லை. இனி விலைப்புள்ளி கேட்கும்போதே அதையும் எழுத்தில் கேட்கப் போகிறேன்.

மருதம்:

பெரஸ் சல்பேட் என்பது அன்னபேதிதானே? சோகைக்குக் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரத்தின் மூலப்பொருள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற சரக்கு கொத்தனார் கையைக் காக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி. அப்படியென்றால் சாந்து கலக்கும்போது தளத்திலேயே ஒரு கைப்பிடி போட்டுவிடலாமா?

சைட் பொறியாளர்:

ஆம் ஐயா, அன்னபேதியேதான். ஆனால் தளத்தில் போட வேண்டாம். பாண்டுச் சட்டியில் ஒரு கைப்பிடி போட்டால் ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். அளவு கூடினால் சாந்து இறுகும் நேரமும் மாறும். ஆலையில் சேர்த்த சிமென்ட்டுக்கே ஒரு காலக்கெடு உண்டு. மூட்டை ஈரம் வாங்கினால், இரும்பு காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தன் வேலையை முன்கூட்டியே முடித்துக்கொள்ளும். பிறகு குரோமியத்தைக் குறைக்க அதில் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் ஐரோப்பாவில் எந்தத் தேதிவரை அந்தப் பலன் இருக்கும் என்பதையும், எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதையும் மூட்டையிலேயே அச்சிட வேண்டும் என்கிறார்கள்.

வேதியியல் ஆசிரியர்:

ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். எதுவும் அளவைப் பொறுத்துத்தான் நஞ்சு என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பத்து லட்சத்தில் பத்துப் பங்கு என்பது ஒரு 50 கிலோ மூட்டையில் வெறும் அரை கிராம். இதைப் படிப்பவர்கள் ரசாயனம் என்றாலே அஞ்சும் மனநிலைக்குப் போய்விடக் கூடாது. கோடிக்கணக்கானோர் சிமென்ட்டோடு வாழ்கிறோம்.

தோல் மருத்துவர்:

ஐயா, நஞ்சைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஒவ்வாமையில் அளவு இரண்டு படிகளில் வருகிறது. முதன்முதலில் ஒவ்வாமையை உண்டாக்கக் கொஞ்சம் அதிகமான அளவு, பெரும்பாலும் நீண்ட காலத் தொடர்பு, தேவைப்படும். உண்டான பிறகு அதைத் தூண்டுவதற்கு வேண்டிய அளவு மிகவும் குறைந்துவிடும். காலணியின் வியர்வைக் கசிவே போதும் என்று ஆம்பூர் நண்பர் எழுதியது அதனால்தான். உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் செய்யாத அதே அரை கிராம், நினைவுச் செல்கள் உருவாகிவிட்ட ஒருவரை வேலையிலிருந்தே விரட்டிவிடக்கூடும். அவருடைய உடலில் குரோமியம் சேர்ந்து நஞ்சாகவில்லை. குரோமியத்தைத் தாக்கப் பழகிக்கொண்ட அவருடைய சொந்தச் செல்களே அவரது தோலைப் புண்ணாக்குகின்றன.

எல்லா ரசாயனமும் ஒரே வழியில் இதைச் செய்வதும் இல்லை. கவரிங் நகையில் உள்ள நிக்கல், எதிர்ப்பு மண்டலத்தின் டி.எல்.ஆர். 4 என்ற ஏற்பியை நேரடியாகவே தூண்டிவிடுகிறது. மனிதர்களிடம் அந்த ஏற்பியில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமில அமைப்பு எலிகளிடம் இல்லாததால், எலிகளுக்கு நிக்கல் ஒவ்வாமையை உண்டாக்குவது கடினம் என்று 2010இல் தெரியவந்தது. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பயன்பட்ட பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால், சில பெண்களின் நெற்றியில் நிறமிச் செல்களையே அழித்து வெள்ளைத் தழும்பை விட்டுச்செல்கிறது. அரிப்பு, வெண்புள்ளி என்று வெளியில் தெரியும் விளைவுகள் வேறாக இருந்தாலும், தோலுக்குள் போகும் அளவுக்குச் சிறியதாகவும் புரதத்தோடு வினைபுரியக் கூடியதாகவும் உள்ள மூலக்கூறுகளே பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கின்றன. அஞ்ச வேண்டியதை அடையாளம் கண்டு கொத்தனாரின் கையிலிருந்து விலக்குவதற்கு உங்களைப் போன்ற வேதியியல் அறிந்தவர்கள்தான் உதவ வேண்டும்.

வேதியியல் ஆசிரியர்:

இந்த இரு படி விளக்கம் எனக்குத் தெரியாது. நன்றி. என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

தொழிற்சங்கத் தோழர்:

இழப்பீடு பற்றியும் யாராவது எழுத வேண்டும். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், குரோமியத்தாலும் அதன் நச்சுச் சேர்மங்களாலும் வரும் நோய்கள் தொழில் நோய்களாகவே பட்டியலிடப்பட்டிருந்தன. வேதிப்பொருளால் வரும் தோல் நோய்களும் அதில் இருந்தன. ஆனால் அந்த நோய்களுக்கு உரிமை கோர, ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஒரு கட்டடத்தில் பூச்சு முடிந்ததும் வேறு மேஸ்திரியோடு வேறு ஊருக்குப் போகும் கொத்தனார், அந்த ஆறு மாதத்தை எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பார்? முப்பது ஆண்டு வேலைக்கு அவருடைய கை ஒன்றுதான் சான்று. தோழர் மகளே, அப்பாவைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். மருத்துவமனையில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்து, முடிவு எழுத்தில் கிடைத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொத்தனார் மகள்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நல வாரிய அட்டையைப் புதுப்பித்துவிட்டோம். அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, எந்தப் பொருளுக்கு ஒவ்வாமை என்று கண்டறியும் ஒட்டுப் பரிசோதனை செய்தோம். சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்களில் ஒவ்வொரு மருந்தாக வைத்து, முதுகில் வரிசையாகப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். எது எங்கே என்று தெரிய மார்க்கரால் கோடு போட்டார்கள். இரண்டு நாள் குளிக்கக் கூடாது, வியர்க்கும்படி வேலை செய்யக் கூடாது. பூச்சு வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், அவர் எங்கள் சமையலறைச் சுவரையே பார்த்துக்கொண்டு, மட்டம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

48 மணி நேரத்தில் பிளாஸ்திரியை எடுத்தபோது ஒரே ஓர் இடம் சிவந்திருந்தது. நான்காம் நாள் மறுபடி போனபோது, அதே இடம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தடித்து, மேலே சிறு கொப்புளங்களும் வந்துவிட்டன. ஆறாம் நிலைக் குரோமிய உப்பான பொட்டாசியம் டைகுரோமேட் 0.5 சதவீதம், இரண்டு பிளஸ் என்று எழுதினார்கள். கோபால்ட்டுக்கு ஒரு பிளஸ். ரப்பர் கலவைகளுக்கு ஒன்றும் இல்லை. கைப்பேசியில் முதுகைப் படம் எடுத்து அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சூடு இல்லையா அப்போ?" என்று மட்டும் கேட்டார்.

தோல் காலணியைக் கொடுத்துவிட்டு பி.வி.சி. பூட்ஸ் வாங்கிவிட்டோம். எனக்கு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. எந்தக் கையுறை வாங்குவது? வேலையை விட்டுவிட்டால் முழுமையாகச் சரியாகிவிடுமா? அப்பாவும் ஒன்று கேட்கச் சொன்னார்: பூச்சு காய்ந்த சுவரைக் கையால் தடவிப் பார்க்கலாமா? மட்டம் பார்க்க அவர் அப்படித்தான் செய்வார்.

தோல் மருத்துவர்:

முடிவு தெளிவாக இருக்கிறது. சிமென்ட்டில் கோபால்ட்டும் சிறிது இருப்பதால் இரண்டும் சேர்ந்து வருவது வழக்கம்தான்.

ரப்பர் கலவைகளுக்கு ஒவ்வாமை இல்லாததால் கையுறை தேர்வு எளிது. உள்ளே பருத்தித் துணி வைத்த நைட்ரைல் அல்லது பி.வி.சி. கையுறை, முழங்கைப் பக்கம் வரை நீளமாக இருக்க வேண்டும். மணிக்கட்டு வழியாகச் சாந்து உள்ளே இறங்கிவிட்டால் கையுறையே கட்டுப்போட்டதுபோல் அதைத் தோலோடு அழுத்தி வைத்திருக்கும். எனவே உள்ளே ஈரம் தெரிந்தால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். சிலர் கையில் ஒட்டிய சாந்தைத் தேய்த்தெடுக்க மண்ணெண்ணெயோ கறை நீக்கும் தூளோ பயன்படுத்துகிறார்கள், அது வேண்டாம். சுத்தமான தண்ணீரும் இலேசான சோப்பும் போதும், பிறகு வாசலின் தடவட்டும். சாந்து கலந்த வாளியிலேயே கை கழுவுவதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

வேலையை விடுவது பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். குரோமியம் ஒவ்வாமை, தொழிலை விட்ட பிறகும் பலருக்குப் பல ஆண்டுகள் தொடர்கிறது. நினைவுச் செல்களை அழிக்கும் மருந்து இன்றில்லை. அழற்சியை அடக்கும் மருந்துகள் உண்டு. ஈரச் சாந்தில் நேரடியாகக் கை வைக்காத வேலை, உதாரணமாக மட்டம் பார்ப்பது, அளவு போடுவது, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, கிடைத்தால் அவருக்கு நல்லது. பொறியாளர் ஐயா, உங்களைப் போன்றவர்கள் மனது வைத்தால் அப்படியொரு வேலை உருவாகும்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: நன்றாக நீராற்றி, முழுதும் இறுகிக் காய்ந்த சுவரைத் தடவிப் பார்ப்பதால் பொதுவாக ஒன்றும் ஆகாது. சுவரை அறுக்கும்போதும் உரசும்போதும் எழும் தூசி வியர்த்த கையில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

சைட் பொறியாளர்:

பூச்சு வேலையை மேற்பார்க்க எனக்கு அனுபவசாலி ஒருவர் வேண்டும். அம்மா, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.